டேபிள்பேஸ் மக்கர் பண்ணினால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழி

பலகையில் சில காய்களே மிச்சமிருக்கும் நிலைகளுக்குச் சரியான முடிவை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருக்கும் ஃபைல் தொகுப்புதான் எண்ட்கேம் டேபிள்பேஸ். செஸ் என்ஜின், அதாவது ஆட்டத்தைக் கணக்கிடும் நிரல், அதைப் படித்துப் பதில் சொல்லும். பாளையங்கோட்டையில் ஒரு செஸ் மையத்தில் இறக்கிய டேபிள்பேஸ் ஹார்டு டிஸ்க்கில் ஏறி அம்பைக்குப் போகிறது. அங்கிருந்து பென்டிரைவில் தென்காசிக்கும் வள்ளியூருக்கும் போகிறது. மூன்றாவது கைக்குப் போய்ச் சேரும்போது, "என்ஜின் எடுக்க மாட்டேங்குது மாஸ்டர்" என்று போன் வருகிறது. கைமாறும்போது கெட்டுப்போன ஒரே ஒரு ஃபைல், அடுத்தடுத்து நகலெடுக்கும் எல்லோரிடமும் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் உங்கள் கணினியில் பிழையைச் சரிசெய்தால் மட்டும் போதாது. அது எந்தக் கையில் தொடங்கியது என்றும் பார்க்க வேண்டும்.

கீழே சொல்வது சிஸிஜி வகை டேபிள்பேஸுக்கும் ஸ்டாக்ஃபிஷ் என்ஜினுக்கும் உரியது. 2013-இல் ரொனால்ட் டி மான் வெளியிட்ட இந்த வகைதான் இன்று பெரும்பாலும் புழக்கத்தில் இருக்கிறது. ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத காரணம் முதலில், செலவு வைக்கும் காரணம் கடைசியில்.

## சரிபார்க்கும் முன் கையில் வேண்டிய எண்கள்

ஒவ்வொரு காய்க்கூட்டத்துக்கும் இரண்டு ஃபைல் உண்டு. பெயரின் கடைசி எழுத்து டபிள்யூ என்றால் அது வெற்றி, டிரா, தோல்வி சொல்லும் ஃபைல். இசட் என்றால், சிப்பாய் நகரவோ காய் வெட்டவோ எத்தனை நகர்வு இருக்கிறது என்று சொல்லும் ஃபைல்.

- 3 காய்: ஒவ்வொரு வகையிலும் 5 ஃபைல்
- 4 காய்: 30
- 5 காய்: 110. இதுவரை கூட்டினால் 145. இரண்டு வகையும் சேர்த்து 290 ஃபைல், சுமார் 939 எம்பி
- 6 காய்: 365. இரண்டு வகையும் சேர்த்து 730 ஃபைல், சுமார் 150 ஜிபி (டபிள்யூ 68, இசட் 82)

3 முதல் 6 வரை முழுத் தொகுப்பு என்றால் வகைக்கு 510, ஆக 1020 ஃபைல். ராஜாக்களையும் சேர்த்துத்தான் காய்க் கணக்கு. 7 காய்த் தொகுப்பு 2018-இல் போஜுன் குவோ உருவாக்கி முடித்தது. 18 டிபிக்கு மேல் வரும். அதை ஒரு பயிற்சி மையம் வாங்கி வைக்க வேண்டிய தேவையே இல்லை. லிச்செஸ் என்ற செஸ் தளத்தில் இணையம் வழியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

## அறிகுறி 1: என்ஜின் ஒரு டேபிளைக்கூடக் காணவில்லை

என்ஜினின் வெளியீட்டு ஜன்னலில், எத்தனை டேபிள் கண்டது என்று ஒரு வரி வரும். அதில் பூஜ்ஜியம் இருந்தால், அல்லது வரியே வராவிட்டால், இந்த வரிசையில் பாருங்கள்.

பாத் எங்கே காட்டுகிறது? சிஸிஜி பாத் என்ற இடத்தில் ஃபோல்டரைக் கொடுக்க வேண்டும், ஃபைலை அல்ல. ஸ்டாக்ஃபிஷ் கொடுத்த ஃபோல்டரை மட்டுமே பார்க்கும். அதற்குள் இருக்கும் ஃபோல்டர்களுக்குள் தானாக இறங்காது. இணையத்தில் இறக்கும்போது தொகுப்பு பெரும்பாலும் நான்கு ஃபோல்டராக வரும்: 3-4-5 காய்க்கு இரண்டு, 6 காய்க்கு இரண்டு. இவற்றை எல்லாம் ஒரு பெரிய ஃபோல்டருக்குள் போட்டு, அந்தப் பெரிய ஃபோல்டரை மட்டும் பாத்தில் கொடுப்பதுதான் நம் பக்கத்தில் அதிகம் பார்க்கும் பிழை. நான்கையும் தனித்தனியாகக் கொடுங்கள்.

நடுவில் என்ன குறி? விண்டோஸில் ஒரு பாத்துக்கும் அடுத்ததற்கும் இடையே அரைப்புள்ளி (;). லினக்ஸிலும் மேக்கிலும் முக்காற்புள்ளி (:). காற்புள்ளி எங்கேயும் வேலை செய்யாது. பாத்தைச் சுற்றி மேற்கோள் குறி போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள்.

ஃபோல்டர் பெயர் தமிழில் இருக்கிறதா? விண்டோஸில் ஃபோல்டருக்கு "சதுரங்கம்" என்றோ மாணவர் பெயரைத் தமிழிலோ வைத்திருந்தால் என்ஜின் ஃபைலைத் திறக்காமல் போகலாம். டிரைவின் மேல்மட்டத்திலேயே, ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாத சின்னப் பெயரில் ஃபோல்டர் வையுங்கள்.

ஃபைல் பெயர் மாறியிருக்கிறதா? விண்டோஸில் ஃபைல் வகையைக் காட்டும் அமைப்பை ஆன் செய்துவிட்டுப் பாருங்கள். இறக்கி முடியாத ஃபைலுக்குப் பின்னால் பிரவுசரோ டோரண்ட் நிரலோ ஒட்டிய வால் இருக்கும். இரண்டு முறை இறக்கியிருந்தால் பெயரோடு (1) சேர்ந்திருக்கும். லினக்ஸில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடும் முக்கியம்: காய்களின் எழுத்து பெரியதாகவும், நடுவில் வரும் வி சின்னதாகவும் இருக்க வேண்டும்.

என்ஜினைத் திரும்பத் தொடங்கினீர்களா? பாத் கொடுக்கும் நேரத்தில்தான் என்ஜின் ஃபோல்டரைத் தேடுகிறது. பிறகு சேர்த்த ஃபைல்கள் அதற்குத் தெரியாது.

வகையே வேறா? பழைய சிடிக்களிலிருந்து எடுத்த நலிமோவ் தொகுப்பும், மிகேல் பல்லிகோராவின் கவியோட்டா தொகுப்பும் இன்னும் சில கணினிகளில் கிடக்கின்றன. அவை நல்ல தொகுப்புகள்தான், ஆனால் ஸ்டாக்ஃபிஷ் அவற்றைப் படிக்காது.

இந்த அறிகுறிக்குக் கணினிக் கடைக்குப் போக வேண்டியதில்லை. மேலே உள்ள ஆறில் ஒன்றாகத்தான் இருக்கும்.

## அறிகுறி 2: டேபிள் கண்டது, ஆனால் எண்ணிக்கை குறைகிறது

145 அல்லது 510 வர வேண்டிய இடத்தில் 139, 487 என்று எதையாவது காட்டுகிறது. விட்டுத்தள்ளக் கூடாது. 6 காய் நிலையைப் பார்க்கும்போது, ஒரு வெட்டுக்குப் பின் வரும் 5 காய் நிலையையும் என்ஜின் பார்க்கும். சின்னத் தொகுப்பில் ஒரு ஓட்டை இருந்தால் பெரிய தொகுப்பின் பதிலும் வராமல் போகும். இடம் மிச்சம் பிடிக்க 3-4-5 காய்த் தொகுப்பை அழித்துவிட்டு 6 காயை மட்டும் வைப்பது அதனால்தான் உதவாது.

முதலில் ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஃபைல் எண்ணிக்கையைப் பாருங்கள். எண்ணிக்கை சரி, ஆனால் என்ஜின் மட்டும் குறைவாகச் சொல்கிறது என்றால், ஏதோ ஒரு ஃபோல்டர் பாத்தில் விட்டுப்போயிருக்கிறது. எண்ணிக்கையே குறைவு என்றால் ஃபைல் வழியில் தொலைந்திருக்கிறது. கூகுள் டிரைவிலிருந்து முழு ஃபோல்டரை இறக்கும்போது அது பல ஜிப் ஃபைல்களாகப் பிரிந்து வரும். அதில் ஒன்று இறங்காமல் விட்டாலும் மற்றவை சத்தமில்லாமல் விரிந்துவிடும். எது தொலைந்தது என்று கண்டுபிடிக்க, சரியாக வேலை செய்யும் கணினியின் ஃபைல் பட்டியலையும் இதன் பட்டியலையும் எக்ஸெலில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி ஒப்பிடுங்கள். தொலைந்ததை மட்டும் இறக்கினால் போதும்.

இன்னொரு பொறி இருக்கிறது. ஸ்டாக்ஃபிஷின் பழைய பதிப்புகள் டபிள்யூ ஃபைல்களை மட்டும் எண்ணிச் சொல்லும். இசட் ஃபைல் ஒன்றுகூட இல்லாவிட்டாலும் 145 என்று வந்துவிடும். புதிய பதிப்புகள் இரண்டையும் தனித்தனியாகச் சொல்கின்றன. சந்தேகம் என்றால் இசட் ஃபோல்டரைக் கையால் எண்ணுங்கள்.

## அறிகுறி 3: எண்ணிக்கை சரி, ஆனால் என்ஜின் டேபிளைத் தொடுவதே இல்லை

சோதிக்க ஒரு நிலை. வெள்ளை ராஜா ஜி8, சிப்பாய் ஜி7, யானை எஃப்1. கறுப்பு ராஜா இ7, யானை ஹெச்2. வெள்ளை ஆட வேண்டும். பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுக்கும் லூசெனா நிலைதான் (யானை, சிப்பாய் எண்ட்கேமின் அடிப்படை வெற்றி நிலை). ஐந்து காய்த் தொகுப்பு ஒழுங்காக இருந்தால், அனலிசிஸ் தொடங்கியதும் டிபிஹிட்ஸ் என்ற எண் (டேபிளை எத்தனை முறை பார்த்தது என்ற கணக்கு) ஏறும். மதிப்பு புதிய ஸ்டாக்ஃபிஷில் 200-ஐ ஒட்டி நிற்கும். டிபிஹிட்ஸ் பூஜ்ஜியத்திலேயே நின்று, மதிப்பு மட்டும் மெல்ல ஏறிக்கொண்டே போனால் என்ஜின் சொந்தமாகக் கணக்குப் போடுகிறது என்று பொருள்.

இந்தச் சோதனை தேறி, உங்கள் நிலையில் மட்டும் டிபிஹிட்ஸ் வரவில்லை என்றால், முதல் சந்தேகம் கேஸ்லிங் உரிமை. டேபிள்பேஸில் கேஸ்லிங் உரிமையுள்ள நிலைகளே கிடையாது. பலகையில் கையால் காய் வைத்து, ராஜா இ1-லும் யானை ஹெச்1-லும் இருந்து, கேஸ்லிங் பெட்டியில் டிக் விழுந்திருந்தால் என்ஜின் டேபிள் பக்கமே போகாது. டிக்கை எடுத்துவிட்டுத் திரும்பப் பாருங்கள்.

அதுவும் இல்லையென்றால் காய்களை எண்ணுங்கள். 5 காய்த் தொகுப்பு வைத்துக்கொண்டு ஆறு காய் நிலையைக் கேட்டால், இரண்டு மூன்று நகர்வுக்குப் பின் வரும் வெட்டுகளில்தான் டிபிஹிட்ஸ் தொடங்கும்.

சோதனை நிலையே தேறவில்லை என்றால் அமைப்பைப் பாருங்கள். எத்தனை காய் வரை டேபிளைப் பார்க்கலாம் என்று சொல்லும் சிஸிஜி புரோப் லிமிட் இயல்பாக 7. அதை யாராவது 0 ஆக்கியிருந்தால் டேபிள் அணைந்துவிடும். தேடல் எந்த ஆழத்திலிருந்து டேபிளைத் தொடலாம் என்று சொல்லும் புரோப் டெப்த் இயல்பாக 1. சில செஸ் நிரல்களில் டேபிள்பேஸ் பாத் கொடுக்க இரண்டு இடம் இருக்கும்: நிரலின் பொது அமைப்பில் ஒன்று, என்ஜினின் பாராமீட்டரில் ஒன்று. பொது இடத்தில் மட்டும் கொடுத்திருந்தால் நிரல் காட்டும் பட்டியலில் விடை தெரியும், என்ஜினுக்கு ஒன்றும் தெரியாது. ஒரே என்ஜினை இரண்டு பெயரில் சேர்த்துவிட்டு, ஒன்றில் பாத் கொடுத்து மற்றதை ஓட்டுவதும் நடக்கும்.

## அறிகுறி 4: வெற்றி என்கிறது, ஆனால் ஆட்டம் விசித்திரமாக இருக்கிறது

இங்கே பாதிக்கு மேல் பழுதே இல்லை.

"எத்தனை நகர்வில் மேட் என்று சொல்லவில்லை." சிஸிஜியில் மேட் தூரம் கிடையாது. அடுத்த வெட்டுக்கோ சிப்பாய் நகர்வுக்கோ உள்ள தூரம்தான் இருக்கிறது. அதனால் என்ஜின் சில நேரம் தேவையில்லாமல் காயைக் கொடுத்து எளிய வெற்றிக்குப் போவதுபோல் தெரியும். வெற்றி கைவிட்டுப் போகாது. பிள்ளைகளுக்கு மிகக் குறுகிய மேட் வழியைக் காட்ட வேண்டும் என்றால், மேட் தூரம் வைத்திருக்கும் கவியோட்டா அல்லது நலிமோவின் 5 காய்த் தொகுப்பை, அதைப் படிக்கும் நிரலில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

"வெற்றி நிலையில் சும்மா அங்கும் இங்கும் போகிறது." இது பழுது. இசட் ஃபைல் இல்லை, அல்லது அந்தக் காய்க்கூட்டத்துக்கான இசட் மட்டும் இல்லை. டபிள்யூ ஃபைலுக்கு வெற்றி தெரியும், பாதை தெரியாது. அறிகுறி 2-க்குப் போங்கள்.

"வெற்றி என்று புத்தகம் சொல்கிறது, என்ஜின் டிரா என்கிறது." காரணம் 50 நகர்வு விதி: காய் வெட்டாமலும் சிப்பாய் நகராமலும் இரு பக்கமும் 50 நகர்வு போனால் டிரா கேட்கலாம். இரண்டு பிஷப்பை வைத்துக்கொண்டு எதிரியின் ஒற்றைக் குதிரையைப் பிடிக்கச் சில நிலைகளில் 66 நகர்வு வரை ஆகும். அதற்குள் விதிப்படி டிரா கேட்கலாம் என்பதால், என்ஜின் பூஜ்ஜியத்தையோ அதை ஒட்டிய சிறு எண்ணையோ காட்டும். போட்டிக்குத் தயாராகிறவர் இதை அப்படியே விட வேண்டும். எண்ட்கேம் ஆராய்ச்சிக்கு மட்டும் சிஸிஜி 50 மூவ் ரூல் அமைப்பை அணையுங்கள். வேலை முடிந்ததும் மறக்காமல் ஆன் செய்யுங்கள்.

இதற்குள்ளேயே ஒளிந்திருக்கும் இன்னொன்று: நடந்த ஆட்டத்திலிருந்து நிலையை எஃப்இஎன் வரியாக (நிலையை எழுத்தில் சொல்லும் ஒற்றை வரி) எடுத்து ஒட்டும்போது, கடைசிக்கு முந்தைய எண் 50 நகர்வு விதிக்கான எண்ணிக்கை. அது 80 என்று இருந்தால், இருபது அரை நகர்வுதான் மிச்சம். நல்ல வெற்றி நிலையும் டிரா ஆகிவிடும். நிலையை மட்டும் ஆராய வேண்டும் என்றால் அந்த எண்ணை 0 ஆக்குங்கள்.

## அறிகுறி 5: குறிப்பிட்ட எண்ட்கேம் வந்ததும் என்ஜின் நின்றுவிடுகிறது

இதுதான் அதிகத் தலைவலி தருவது. கைமாறும் நகல்களில் பரவுவதும் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

அடையாளம் தெளிவாக இருக்கும். ஆட்டம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். யானை எண்ட்கேம் வந்ததும், அல்லது ராணி எதிர் சிப்பாய் வந்ததும், என்ஜின் மூடிக்கொள்ளும். வெளியீட்டில் டேபிள்பேஸ் ஃபைல் கெட்டிருக்கிறது என்று ஒரு வரியும் ஃபைல் பெயரும் இருக்கும். தொடக்கத்தில் பெயரை மட்டும் பார்த்து எண்ணிவிட்டு, தேவைப்படும்போதுதான் ஃபைலை என்ஜின் திறக்கிறது. அதனால் கெட்ட ஃபைல் வாரக்கணக்கில் தெரியாமலே கிடக்கும்.

செலவில்லாத முதல் சோதனை: அளவு. ஒவ்வொரு சிஸிஜி ஃபைலின் அளவையும் 64-ஆல் வகுத்தால் மீதி 16 வர வேண்டும். ஸ்டாக்ஃபிஷும் இதைத்தான் முதலில் பார்க்கிறது. உதாரணத்துக்கு, 64,016 பைட் என்றால் சரி. 64,000 என்றால் அறுந்துபோன ஃபைல். பிராப்பர்ட்டீஸில் "சைஸ்" என்ற எண்ணை எடுங்கள், "சைஸ் ஆன் டிஸ்க்" எண்ணை அல்ல. முழு ஃபோல்டருக்கும் பட்டியல் எடுத்து எக்ஸெலில் மீதி காணும் சூத்திரத்தைப் போட்டால், 1020 ஃபைலையும் சில நிமிடத்தில் சலித்துவிடலாம். மீதி வேறாக வரும் ஃபைல் பாதியில் நின்ற நகல்: மின்சாரம் போனது, பென்டிரைவைப் பிடுங்கியது, இணையம் அறுந்தது.

இரண்டாவது சோதனை: செக்சம், அதாவது ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண். அளவு சரியாக இருந்தும் உள்ளே பிட் மாறியிருக்கலாம். இறக்கிய தளத்தில் எம்டி5 அல்லது ஷா256 பட்டியல் கிடைக்கும். விண்டோஸில் சர்ட்யூட்டில், லினக்ஸில் எம்டி5சம் கட்டளை போதும். பட்டியல் கையில் இல்லாவிட்டாலும் வழியுண்டு: ஒவ்வொரு சிஸிஜி ஃபைலுக்குள்ளும் ஒரு செக்சம் பதிந்திருக்கிறது. உருவாக்கும் நிரல்களோடு வரும் டிபிசெக் அதை இணையமில்லாமலே சரிபார்க்கும்.

செக்சம் பொருந்தாத ஃபைலுக்கு அதே சோதனையை இன்னொரு முறை ஓட்டுங்கள். இங்கே பாதை பிரிகிறது.

*இரண்டு முறையும் ஒரே தவறான விடை:* ஃபைல்தான் கெட்டது. அழித்துவிட்டு அந்த ஒன்றை மட்டும் திரும்ப இறக்குங்கள். பிறகு இந்த ஃபைல் யாரிடமிருந்து வந்தது, நீங்கள் யாருக்குக் கொடுத்தீர்கள் என்று பார்த்து இரண்டு பக்கமும் சொல்லிவிடுங்கள்.

*ஒவ்வொரு முறையும் வேறு விடை:* ஃபைல் மேல் பழி போடாதீர்கள். கேபிள், யுஎஸ்பி ஹப், அல்லது ரேம். கேபிளையும் போர்ட்டையும் மாற்றுங்கள். அதே ஃபைலை வேறு கணினியில் சோதியுங்கள். அங்கே சரியாக வந்தால், உங்கள் கணினியில் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் நிரலை ஓர் இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரு பிழை காட்டினாலும் ரேமை மாற்ற வேண்டும்.

*பென்டிரைவில் முன்பாதி ஃபைல்கள் சரி, பின்பாதி எல்லாம் கெட்டவை:* போலிக் கொள்ளளவு. 2 டிபி என்று அச்சடித்து மலிவாக விற்கும் பென்டிரைவில் உண்மையில் கொஞ்ச ஜிபிதான் இருக்கும். நிரம்பியபின் எழுதுவது காற்றில் போகும். ஃபைல் பெயர், அளவு எல்லாம் சரியாகவே தெரியும். புது டிரைவ் எதை வாங்கினாலும் விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 ஓட்டிப் பார்த்துவிட்டு டேபிள்பேஸ் ஏற்றுங்கள். போலி என்று தெரிந்தால் பில்லோடு கடைக்குத் திருப்பிக் கொடுங்கள். பழுது பார்க்க ஒன்றுமில்லை.

*போன வாரம் சரியாக இருந்த ஃபைல் இந்த வாரம் கெட்டிருக்கிறது:* ஹார்டு டிஸ்க். டிஸ்க்கின் நலத்தைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ நிரலில் மூன்று எண்ணைப் பாருங்கள். ரீஅலொகேட்டட் செக்டார் அல்லது பெண்டிங் செக்டார் ஏறிக்கொண்டிருந்தால் டிஸ்க் போகிறது. சிஆர்சி எரர் மட்டும் ஏறினால் கேபிளாக இருக்கும்.

எப்போது கடைக்கு? பெண்டிங் செக்டார் ஏறினால், டிஸ்க் டக் டக் என்று சத்தம் போட்டால், உடனே அணைத்துவிடுங்கள். வாரண்டி இருக்கிறதா என்று பாருங்கள். டேபிள்பேஸுக்காக டேட்டா ரெக்கவரிக்குக் காசு கொடுக்கவே வேண்டாம். முழுத் தொகுப்பும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் அதே டிஸ்க்கில் மாணவர்களின் ஆட்டத் தொகுப்பும் உங்கள் குறிப்புகளும் வேறு நகல் இல்லாமல் இருந்தால் கதை வேறு. அப்போது நீங்களாக எந்த நிரலையும் ஓட்டாமல், ரெக்கவரி தெரிந்தவரிடம் அப்படியே கொடுங்கள்.

## அறிகுறி 6: டேபிள்பேஸ் போட்டதும் என்ஜின் நொண்டுகிறது

நொடிக்கு எத்தனை நிலை பார்க்கிறது என்ற எண், எண்ட்கேம் நெருங்கும்போது பாதிக்குக் கீழே விழுந்தால் டிஸ்க் ஈடுகொடுக்கவில்லை.

வெளி டிஸ்க்கை யுஎஸ்பி 2 போர்ட்டிலிருந்து நீல நிற யுஎஸ்பி 3 போர்ட்டுக்கு மாற்றுங்கள். ஆண்டிவைரஸ் ஒவ்வொரு ஃபைலையும் திறக்கும்போது சோதித்துக்கொண்டிருந்தால், டேபிள்பேஸ் ஃபோல்டரை விலக்குப் பட்டியலில் சேருங்கள். 8 ஜிபி ரேம் கணினியில் என்ஜின் ஹாஷுக்கே (தேடிய நிலைகளை என்ஜின் நினைவில் வைக்கும் இடம்) 6 ஜிபி கொடுத்திருந்தால், டேபிள்பேஸைத் தாங்கிப் பிடிக்க விண்டோஸிடம் நினைவகம் மிஞ்சாது. ஹாஷைக் குறைத்தால் வேகம் கூடும்.

அதற்கும் அடங்கவில்லை என்றால் புரோப் டெப்த்தை 1-இலிருந்து படிப்படியாகக் கூட்டுங்கள், அல்லது புரோப் லிமிட்டை 5 ஆக்குங்கள். 5 காய்த் தொகுப்பு ரேமிலேயே அடங்கிவிடும்.

செலவு செய்யத் தயார் என்றால் எஸ்எஸ்டி. முழு 150 ஜிபியையும் அதில் வைக்கத் தேவையில்லை. தேடலின்போது என்ஜின் ஓயாமல் தொடுவது டபிள்யூ ஃபைல்களைத்தான். இசட் ஃபைல், பலகையில் உள்ள நிலையே டேபிளுக்குள் வந்த பிறகுதான் வேலைக்கு வரும். 68 ஜிபி டபிள்யூவை எஸ்எஸ்டியிலும், 82 ஜிபி இசட்டைப் பழைய ஹார்டு டிஸ்க்கிலும் வைத்து இரண்டு பாத்தையும் கொடுங்கள். 128 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று போதும்.

வைஃபை வழியாக இன்னொரு கணினியின் ஃபோல்டரைப் பாத்தில் கொடுப்பது வேண்டாம். எவ்வளவு நல்ல ரவுட்டராக இருந்தாலும் சின்னச் சின்னப் படிப்பு ஆயிரக்கணக்கில் போகும்போது திணறும். 32 பிட் என்ஜினில் 6 காய்த் தொகுப்பை ஏற்றுவதும் வேண்டாம்; நினைவக முகவரியே போதாது.

## அறிகுறி 7: பகிரும்போது சிக்கல்

"ஃபைல் பெரிதாக இருக்கிறது" என்று பென்டிரைவ் மறுக்கிறது. டிரைவ் ஃபேட்32-இல் இருக்கிறது. ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல் ஏறாது. தொகுப்பை ஒரே ஜிப்பாகக் கட்டியிருப்பீர்கள். கட்ட வேண்டாம். சிஸிஜி ஃபைல் ஏற்கெனவே இறுக்கிச் சுருக்கியது. ஜிப் போட்டால் நேரம்தான் போகும், அளவு குறையாது. ஃபைல்களைத் தனித்தனியாகவே நகலெடுங்கள். டிரைவை எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்துகொண்டால் விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும்.

நகல் பாதியில் நிற்கிறது. ஐப்பசி, கார்த்திகை இடி மழையிலும், தென்காசிப் பக்கம் சாரல் காற்றிலும் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. யுஎஸ்பி 2 வேகத்தில் 150 ஜிபி ஏற ஒன்றரை மணி நேரம் ஆகும். மலிவான பென்டிரைவ் என்றால் நான்கைந்து மணி நேரம். யுபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில் இதைத் தொடங்காதீர்கள், லேப்டாப்பில் செய்யுங்கள். நகலெடுத்தபின் சரிபார்க்கும் வசதியுள்ள டெராகாப்பி போன்ற நிரலைப் பயன்படுத்துங்கள், முடிந்ததும் எஜெக்ட் கொடுத்துவிட்டே எடுங்கள். டிரைவுக்குள் செக்சம் பட்டியலையும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலாகப் போட்டு அனுப்புங்கள். வள்ளியூரில் வாங்குகிறவர் உங்களுக்குப் போன் போடாமலே சரிபார்த்துக்கொள்வார்.

இறக்க நாள் கணக்கில் ஆகிறது. 40 எம்பிபிஎஸ் இணைப்பில் 150 ஜிபிக்குக் கணக்குப்படி எட்டரை மணி நேரம் போதும். அதைவிடப் பல மடங்கு ஆனால், பிராட்பேண்ட் திட்டத்தின் டேட்டா வரம்பு முடிந்து வேகம் இறங்கியிருக்கும். மொபைல் டேட்டாதான் இருக்கிறது என்றால் 5 காய்த் தொகுப்போடு நிறுத்துங்கள். அது 1 ஜிபிக்குள் முடியும், பள்ளிப் பிள்ளைகளின் பயிற்சிக்கு அது போதும். பெரிய தொகுப்புக்கு டோரண்ட்தான் நல்லது. அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும், ஒவ்வொரு துண்டையும் தானே சரிபார்க்கும். இறக்கிய பிறகு சில நாள் திறந்து வைத்து மற்றவர்களுக்கும் கொடுங்கள். அப்படிக் கொடுக்கிறவர்களால்தான் நமக்கும் கிடைத்தது.

இணைய டேபிள்பேஸ் திடீரென்று பதில் தரவில்லை. ஒரே இணைப்பில் இருபது பிள்ளைகள் ஒரே நேரத்தில் லிச்செஸைக் கேட்டால், கோரிக்கை அதிகம் என்று தளம் மறுக்கும். ஒரு முழு நிமிடம் எல்லோரும் கை வைக்காமல் இருந்தால் திறந்துவிடும். வகுப்புக்கு 5 காய்த் தொகுப்பை உள்ளூரிலேயே வையுங்கள்.

## அறிகுறி 8: சொந்தமாக உருவாக்கும்போது நின்றுவிடுகிறது

ரொனால்ட் டி மானின் உருவாக்கும் நிரல்கள் மூல நிரலோடு இலவசமாகக் கிடைக்கின்றன. கல்லூரி மாணவர்கள் 3, 4, 5 காய்களைச் சொந்தமாக உருவாக்கிப் பார்ப்பது அருமையான பயிற்சி. 6 காய், பயன்பாட்டுக்காக என்றால், இறக்கிக்கொள்வதே மேல்.

தொடங்கியதும் நின்றால்: சின்ன டேபிள் இல்லை. ராணியாக உயர்வதும் காய் வெட்டுவதும் சின்ன டேபிள்களைக் கேட்கும். 3 காயிலிருந்து வரிசையாகத்தான் ஏற வேண்டும். கூடவே வரும் பெர்ல் ஸ்கிரிப்ட் இந்த வரிசையைத் தானே பார்த்துக்கொள்ளும். ஒவ்வொன்றாகக் கையால் ஓட்ட வேண்டாம்.

நடுவில் கொல்லப்பட்டால்: நினைவகம். சிப்பாய் இல்லாத 6 காய் டேபிளுக்கு 24 ஜிபி ரேம் இருந்தால் நேராக ஓட்டலாம். 16 ஜிபிதான் என்றால், டிஸ்க்கைப் பயன்படுத்தும் தெரிவைக் கொடுத்தே ஆக வேண்டும், நேரம் கூடும். சிப்பாய் உள்ளவை 16 ஜிபியில் அந்தத் தெரிவு இல்லாமலே ஓடும். உலாவியையும் மற்ற நிரல்களையும் மூடிவிட்டு ஓட்டுங்கள்.

மின்சாரம் போய் வந்தால்: முடிந்த டேபிள்களுக்கு ஆபத்தில்லை. கடைசியாக எழுதிக்கொண்டிருந்த ஃபைல் அரைகுறையாகக் கிடக்கும். நேரம் பார்த்து அதன் டபிள்யூ, இசட் இரண்டையும் அழித்துவிட்டுத் தொடருங்கள். அழிக்காவிட்டால் ஸ்கிரிப்ட் அதை முடிந்த வேலை என்று நினைத்துத் தாண்டிப் போகலாம்.

மெல்ல மெல்ல வேகம் குறைந்தால்: சூடு. எல்லா கோரும் மணிக்கணக்கில் முழு வேகத்தில் ஓடும் வேலை இது. அக்கினி நட்சத்திரத்தில் ஏசி இல்லாத அறையில் செயலி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். திரெட் எண்ணிக்கையைப் பாதியாக்கி இரவில் ஓட்டுங்கள். விசிறியில் தூசி ஊதுங்கள். பிறகும் வெப்பநிலை 90 டிகிரிக்கு மேலேயே நின்றால், தெர்மல் பேஸ்ட் மாற்றத் தெரிந்தவரிடம் கொடுங்கள். லேப்டாப்பை முதல் முறையாக நீங்களே திறந்து பார்க்க வேண்டாம்.

உருவாக்கியது சரிபார்ப்பில் தேறாவிட்டால்: அந்த ஒன்றை அழித்துத் திரும்ப உருவாக்குங்கள். இரண்டாம் முறை தேறினால் மகிழ்ந்துவிடாதீர்கள். அதே நிரல், அதே உள்ளீடு, வேறு விடை என்றால் ரேம் பிசகுகிறது. மெம்டெஸ்ட் ஓட்டுங்கள். அது தேறும்வரை அந்தக் கணினியில் உருவாக்கிய எதையும் யாருக்கும் கொடுக்காதீர்கள், ஏற்கெனவே உருவாக்கிய சின்ன டேபிள்களையும் இறக்கிய தொகுப்பின் செக்சமோடு ஒப்பிடுங்கள். செக்சம் ஒத்துப்போகாத டேபிளின் மேல் கட்டிய பெரிய டேபிள்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, அந்த இடத்திலிருந்து திரும்ப ஓட்ட வேண்டும்.